நான்கெல்லைக்குள் ஒரு கை

குரும்பலூர்,
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நர்மதா எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா என்று போனில் கேட்க முடியவில்லை. அதனால் காகிதத்தில் கேட்கிறேன்.

சித்திரையிலிருந்து உங்கள் போன் அடிக்கிறது, அடித்து ஓய்ந்துபோகிறது. அத்தையின் போனுக்கு அடித்தால் "தூங்குறாம்மா" என்கிறார். காலையிலும் தூக்கம், மத்தியானமும் தூக்கம், விளக்கு வைக்கிற நேரத்திலும் தூக்கம். கும்பகர்ணனுக்கா நான் வாழ்க்கைப்பட்டேன்? மாசி மாதம் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, "பத்து நாள் அம்மாகிட்ட இருந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் செந்துறைக்குப் போனவர் நீங்கள். வைகாசியே முடியப்போகிறது. இரண்டு தடவை அங்கே வந்தேன். இரண்டு தடவையும் என் குரலைக் கேட்டதும் கொல்லைப்பக்கமாகக் காட்டுக்குப் போய்விட்டீர்கள். அத்தை போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மக்காச்சோளம் அடிக்கிற மிஷினில் கை போனது உங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எனக்கும்தான் நடந்தது.

சரி, சண்டைக்கு வரவில்லை. அரியலூரில் உங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரவீணாவிடம் பேசினேன். "இடது கையால தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கேன்க்கா. பேப்பரைப் பார்த்துக் காப்பியடிச்சுட்டு வர்றாரு. தங்கம் விலை, மழை நிலவரம், அவ்வளவுதான்" என்று சிரிக்கிறாள். தங்கம் விலை எழுதுகிற கை எனக்கு ஒரு பக்கம் எழுதினால் தேய்ந்தா போகும்? என் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, பத்து கவர் இத்துடன் வைத்திருக்கிறேன். வாயைத் திறந்து பேச வேண்டாம். முகத்தைக் காட்ட வேண்டாம். பயிற்சி என்றே நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

என் சேதி: பெரம்பலூர் பத்திர ஆபீஸில் அதே டைப்பிங், ஊரார் நிலத்துக்கு அதே நான்கெல்லை. தபால் வழியில் படிக்கிற எம்.ஏ.வுக்கு ஆகஸ்டில் பரீட்சை. தத்துவத்துக்குப் போட்டி குறைவு, சீக்கிரம் காலேஜ் வேலை கிடைக்கும் என்று ஆபீஸ் ஜெயசித்ரா அக்கா சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். போட்டி ஏன் குறைவு என்று புத்தகத்தைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. இந்தத் தடவை பாடம் மனசும் உடம்பும்.

தபால்காரர் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும்,
நர்மதா


செந்துறை,
17.6.2025

நர்மதாவுக்கு,

கவர் வந்தது. இது இடது கை. கோழி கிளறியது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் கையை எங்கே புதைத்தாய்? உன் தம்பி கலைச்செல்வனும் நீயும் எடுத்துப் போனதாக அம்மா சொல்கிறாள். எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை.

அந்தக் கை வலிக்கிறது. இல்லாத கை எப்படி வலிக்கும் என்று கேட்காதே. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் விரல் ஐந்தும் இறுக்கி மூடியிருக்கிறது. நகம் உள்ளங்கையில் குத்துகிறது. திறக்க வரவில்லை. பொழுது சாயும்போது அதிகம்.

இடத்தை எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ராஜவேல்


குரும்பலூர்,
22.6.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும். 'ர' எல்லாம் குடிகாரன் மாதிரி சாய்ந்து நிற்கிறது. இருக்கட்டும், என் பெயரில் இரண்டு எழுத்து நேராக வந்திருக்கிறது.

இல்லாத கை எப்படி வலிக்கும் என்று நான் கேட்க மாட்டேன். ஏனென்றால் என் பாடப் புத்தகத்திலேயே அந்த வலி இருக்கிறது. சுமார் நானூறு வருடத்துக்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரர். மனசு வேறு, உடம்பு வேறு என்று அடித்துச் சொன்னவர். மனசுக்கு நீளம் அகலம் கிடையாது, நினைப்பது மட்டும்தான் அதன் வேலை. உடம்புக்கு நீளம் அகலம் உண்டு, நினைக்கத் தெரியாது. எங்கள் ஆபீஸ் கணக்கில் சொன்னால், உடம்புக்குப் பத்திரம் எழுதலாம், மனசுக்கு எழுத முடியாது.

அவர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். கையில் புண் வந்து புரையோடிவிட்டது. வைத்தியர் வரும்போதெல்லாம் அவள் கண்ணைக் கட்டிவிடுவார்கள். கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துணியைச் சுருட்டிக் கட்டி வைத்தார்கள். அவளுக்குக் கை போனதே தெரியாது. இந்த விரல் வலிக்கிறது, அந்த விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். விரலிலிருந்து மூளைக்கு நரம்பு கயிறு மாதிரி ஓடுகிறது, கயிற்றை நடுவில் அசைத்தாலும் நுனியில் வலித்த மாதிரியே மூளைக்குத் தெரியும் என்பது அவர் விளக்கம். ஆகவே உங்களுக்குப் பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. நீங்கள் பயந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறார். மனசு உடம்புக்குள் ஓட்டுகிறவன் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லையாம். அவர் கப்பலை வைத்துச் சொன்னார், நான் உங்களுக்காக மாற்றிக்கொள்கிறேன். டிராக்டருக்கு அடிபட்டால் டிரைவர் இறங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அவனுக்கு வலிக்காது. உடம்புக்கு அடிபட்டால் நாம் இறங்கிப் பார்ப்பதில்லை, வலிக்கிறது. அப்படியானால் இரண்டும் எப்படியோ கலந்துதான் இருக்கிறது. எப்படி என்பதுதான் பதினைந்து மார்க் கேள்வி.

கை எங்கே என்று கேட்டீர்கள். கடிதத்தில் எழுத மாட்டேன். வாருங்கள், கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

சின்ன வெங்காயம் இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது. பழைய சோற்றுக்கு உரிக்கும்போது உங்கள் பங்கையும் சேர்த்து உரித்துவிடுகிறேன், பழக்க தோஷம்.

அத்தைக்கு என் வணக்கம்.

நர்மதா


செந்துறை,
4.7.2025

நர்மதாவுக்கு,

டிராக்டருக்கு அடிபட்டால் டிரைவருக்கு வலிக்காது என்று எழுதியிருக்கிறாய். போன வருடம் பெரம்பலூரில் ஒருத்தன் என் வண்டி மட்கார்டில் இடித்துவிட்டுப் போனானே, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பிரெஞ்சுக்காரர் சொந்த வண்டி வைத்திருந்ததில்லை போலிருக்கிறது.

சிரிப்பதற்காக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த இரண்டாவது நாள் உன்னிடம் என்ன சொன்னேன்? "கைய எடுக்க விட்டுறாத நர்மதா" என்றேன். "சரி மாமா" என்றாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினேன். விழித்தபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. காகிதத்தில் கையெழுத்து உன்னுடையது.

உனக்குத் தாலி கட்டிய கை அது. அதை வெட்டலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நீ. இப்போது தத்துவம் சொல்கிறாய். நானும் யோசித்துப் பார்த்தேன். மனசு வேறு உடம்பு வேறு என்றால் நான் முழுசாகத்தான் இருக்கிறேன், என்னை நினைத்து நீ அழ வேண்டியதில்லை. இரண்டும் ஒன்று என்றால் நானே ஒரு பங்கு குறைந்துபோனேன், குறைந்தவனோடு நீ காலம் தள்ள வேண்டியதில்லை. எப்படிப் பார்த்தாலும் நான் அங்கே வருவதற்குக் காரணம் இல்லை.

சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள். சின்ன வயதில் போட்டவள், இப்போதும் போடுகிறாள், பரவாயில்லை. நீ போட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது.

இடத்தை எழுது.

ராஜவேல்


குரும்பலூர்,
13.7.2025, ஞாயிறு

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்திருக்கக் கூடாது. "என்னடி, கண்ணுல தூசியா?" என்று ஜெயசித்ரா அக்கா கேட்டு, தூசி என்று நானும் சொல்லி, ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர் பெயரை வாங்குபவர் இடத்தில் அடித்து வைத்தேன்.

"சரி மாமா" என்றது உண்மை. கையெழுத்துப் போட்டதும் உண்மை. உங்களுக்குச் சுரம் கொதித்தது. விரல் கறுத்துவிட்டது. விஷம் மேலே ஏறுகிறது என்றார் டாக்டர். "கையா, ஆளா? சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்று கேட்டார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எந்தப் பக்கம் திரும்புவது? எனக்கு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு மறுபடி கேட்டாலும் அதே இடத்தில் அதே கையெழுத்தைப் போடுவேன். இதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். கேட்டால்தான் வருவீர்கள் என்றாலும் மாட்டேன்.

தாலி கட்டிய கையாம். முடிச்சு ஒற்றைக் கையால் விழுகிற காரியமா? முதல் முடிச்சை இரண்டு கையாலும்தான் போட்டீர்கள். உங்கள் இடது கை கயிற்றோடு என் பின்கழுத்து முடியையும் சேர்த்து இழுத்தது. நான் "ஸ்ஸ்" என்றதும், நாதஸ்வரக்காரர்கூட ஒரு நொடி நிறுத்தினாரே, மறந்துவிட்டதா? மற்ற இரண்டு முடிச்சும் உங்கள் அக்கா அமிர்தவல்லி போட்டது. பங்கு பிரித்தால் என் மேல் அவருக்குத்தான் கூடுதல் பாத்தியம். முடி பிடித்து இழுத்த அந்த இடது கை இன்னும் இருக்கிறது அல்லவா? எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறது அல்லவா?

இப்போது உங்கள் வாதத்துக்கு வருகிறேன். அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு ஓர் இளவரசி கடிதம் எழுதினாள். நாடு போய், குடும்பத்தோடு ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்தவள். மனசுக்கு உடம்பே இல்லை என்கிறீர்களே, தொட முடியாத ஒன்று உடம்பை எப்படித் தள்ளி அசைக்கும் என்று கேட்டாள். மனுஷன் ஒவ்வொரு பதிலாகச் சொல்லிப் பார்த்தார். மூளைக்கு நடுவில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறது, அங்கேதான் இரண்டும் சந்திக்கின்றன என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவளுக்கு அவர் சொன்ன ஒரு பதில்தான் எனக்குப் பிடித்தது. தனியாக உட்கார்ந்து யோசித்தால் மனசும் உடம்பும் இரண்டாகத்தான் தெரியும். நாலு பேரோடு பேசிப் பழகி வாழும்போதுதான் ஒன்று என்று தெரியுமாம். அவ்வளவு பெரிய ஆள் வந்து நின்ற இடம் இதுதான்.

ஆகவே உங்கள் 'எப்படிப் பார்த்தாலும்' செல்லாது. நீங்கள் தனியாக உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறீர்கள். என்னோடு வாழ்ந்து பார்க்கவில்லை.

சட்டைப் பொத்தான் பற்றி எழுதியதைப் படித்துக் கோபம் போய்விட்டது. கோபம் போனது பிடிக்கவில்லை.

நர்மதா


செந்துறை,
27.7.2025

நர்மதாவுக்கு,

நாதஸ்வரக்காரர் நிறுத்தியது நினைவிருக்கிறது. அவர் நிறுத்தியது எச்சில் துடைக்க. உன் "ஸ்ஸ்"ஸுக்காக இல்லை.

அந்த இளவரசிக்கும் அவருக்கும் அப்புறம் என்ன ஆயிற்று? அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டாளா? படிக்கிறவள் நீ, நடுவில் நிறுத்தினால் எப்படி?

ஒன்று சொல்ல வேண்டும். ஆடி வெள்ளிக்கு அம்மா என்னைச் சிறுவாச்சூர் மதுரகாளி கோவிலுக்குக் கூட்டிப்போனாள். போகும்போது பஸ் உன் ஆபீஸ் வாசலைத் தாண்டியது. உன் ஸ்கூட்டி நின்றது. கண்ணாடியில் உன் மழைக்கோட்டு தொங்கியது. இறங்கலாம் என்று எழுந்தேன். எழும்போது கம்பியைப் பிடிக்க வலது கையை நீட்டினேன். இல்லாத கையை நீட்டினால் என்ன ஆகும்? முன்சீட்டுக்காரர் மேல் போய் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, "உக்காருங்க தம்பி, உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் பெரம்பலூர் பாலக்கரையைத் தாண்டிவிட்டது.

கோவிலில் அம்மா ஒரு கூத்து பண்ணினாள். கை சரியானால் தகட்டில் செய்த கை உரு வாங்கிப் போடுவதாக வேண்டியிருந்தாள். சரியாகாவிட்டாலும் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, வாசலில் வைரக்கண்ணு என்று ஒரு அம்மாளிடம் வாங்கினாள். உண்டியல் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கட்டைவிரல் மாறியிருக்கிறது. அது இடது கை! அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. மிச்சம் இருக்கிற கையையும் ஆத்தா கேட்டுவிட்டாள் என்று அழுதுகொண்டே ஓடினாள். "தகடுதானே தாயி, திருப்பிப் பிடி, வலது கை ஆயிடும்" என்று அந்த அம்மாள் திருப்பிக் காட்டினாள். ஆகத்தான் செய்தது. அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

இப்போது ஒரே பிடியாக நிற்கிறாள். "மூடுன கையா பொதைச்சிட்டாங்க, அதான் புள்ளைக்கு மூடிக்கிட்டு வலிக்குது. தோண்டி விரலை நீட்டி வுட்டாத்தான் அடங்கும்" என்கிறாள். யாரோ குறி சொன்னார்களாம். நான் நம்பவில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் நகம் குத்தும்போது எதையும் நம்பலாம் போலிருக்கிறது. பிரவீணா ஏதோ கண்ணாடி வைத்துப் பழகச் சொன்னாள். பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

இடத்தைச் சொல், நர்மதா. கேட்டுக்கொள்கிறேன்.

ராஜவேல்


குரும்பலூர்,
24.8.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

பரீட்சை முடிந்தது. அதனால்தான் தாமதம் என்று எழுதினால் பொய். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஸ்கூட்டியை நிறுத்தும் இடத்தில் நின்று ரோட்டைப் பார்க்கிறேன். அரியலூர் பஸ் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். நீங்கள் எழுந்தீர்கள், விழுந்தீர்கள், நான் உள்ளே உட்கார்ந்து யாருடைய நிலத்துக்கோ எல்லை அடித்துக்கொண்டிருந்தேன். ஏன் மாமா, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கக் கூடாதா? கால் இரண்டும் இருக்கிறதே. எனக்கு மனசு ஆற மாட்டேனென்கிறது.

அந்த இளவரசி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவரும்தான். ஏழு வருடம் எழுதிக்கொண்டார்கள். நேரில் பார்த்தது கொஞ்சம்தான். கடைசியில் அவர் வேறொரு நாட்டுக்குப் போய், அந்தக் குளிரில் காய்ச்சல் வந்து செத்துப்போனார். படித்தபோது அழகாக இருந்தது. இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது. நாமும் அப்படித்தானே ஆகிக்கொண்டிருக்கிறோம்? உங்கள் மனசு கவருக்குள் உட்கார்ந்து அவ்வப்போது வந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் ஆள் வேண்டும். வியர்வை நாற்றத்தோடு வந்து "தண்ணி குடு" என்று கேட்கிற ஆள் வேண்டும்.

சரி. இடத்தைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு நர்ஸ் மஞ்சள் பையோடு வந்து, இங்கேயே எரித்துவிடலாமா, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். கலைச்செல்வன் கார் ஓட்டினான். திருச்சியிலிருந்து குரும்பலூர் வரை பை என் மடியில் இருந்தது. வீடு கட்டுவோம் என்று நாம் வாங்கிப் போட்ட மனைக்குப் போனோம். எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதுகிறேன்: பக்கத்து மனை ஆண்டவர் மாமா வேலிக்குக் கிழக்கு, போர்வெல் குழாய்க்கு மேற்கு, பொதுப்பாதைக்குத் தெற்கு, முருங்கை மரத்துக்கு வடக்கு. இந்த நான்கெல்லைக்குள் நடுவில்.

விரல்கள் மடங்கித்தான் இருந்தன, அத்தை சொல்வது சரி. கலைச்செல்வன் குழி வெட்டி முடிக்கும்வரை நான் மடியில் வைத்துக்கொண்டு வெந்நீர் விட்டு ஒவ்வொன்றாக நீவினேன். கட்டைவிரல் கடைசியில்தான் வந்தது. நகத்துக்குள் கிரீஸ் இருந்தது. மிஷின் வேலை முடிந்தால் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டுத்தானே சோற்றில் உட்காருவீர்கள்? அன்றைக்கு மிஷின் துடைக்க விடவில்லை. நான் துடைத்தேன். மஞ்சள் பூசி, உங்கள் பழைய வேட்டியில் சுற்றி, உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி வைத்தோம். அத்தையிடம் சொல்லுங்கள், புதைத்த கை திறந்துதான் இருக்கிறது. மூடியிருப்பது உங்களிடம் இருக்கிற கை. அதைத் தோண்டி எடுக்க முடியாது.

ஆனால் திறக்கலாம் என்று நினைக்கிறேன். அதே ஹாலந்தில் இன்னொருவர் இருந்தார், கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தவர். மனசும் உடம்பும் இரண்டு பொருள் இல்லை, ஒரே பொருள்தான் இரண்டு விதமாகத் தெரிகிறது என்றார். பரீட்சைக்கு நெட்டுருப் போட்டேனே தவிர ஒரு மண்ணும் விளங்கவில்லை. அத்தை வாங்கிய தகட்டுக் கை விளங்க வைத்துவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தால் இடது, திருப்பினால் வலது, தகடு ஒன்றுதான். பரீட்சையில் அத்தையின் தகட்டையே எழுதிவிட்டேன். மார்க் போடுவார்களோ, சிரிப்பார்களோ.

பிரவீணாவின் கண்ணாடியும் அதே வேலைதான் செய்கிறது. அவளிடம் கேட்டு எழுதுகிறேன். கண்ணாடியை நெஞ்சுக்கு நேராக, இடது கையைப் பார்க்கிற மாதிரி குறுக்கே நிறுத்த வேண்டும். மிச்சக் கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது கையை மூடிக்கொண்டு கண்ணாடிக்குள் பாருங்கள். வலது கை மூடியிருப்பது மாதிரி தெரியும். அப்புறம் மெல்லத் திறங்கள். நான் அன்று செய்த மாதிரி, ஒவ்வொரு விரலாக. கட்டைவிரல் கடைசியில்.

இடத்தைச் சொல்லிவிட்டால் நீங்கள் வர ஒரு காரணமும் மிஞ்சாது என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். கையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளைக் கேட்டேன். இனி அது வேண்டாம். அத்தைக்கு மனசு ஆறாவிட்டால் எடுத்துச் செந்துறைக்குக் கொண்டுபோகட்டும், நான் தடுக்க மாட்டேன். எனக்கு நீங்கள் வேண்டும் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள்
நர்மதா


செந்துறை,
7.9.2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கிரீஸ் துடைத்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அவளா தொடைச்சா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் தோண்டுகிற பேச்சையே எடுக்கவில்லை.

கண்ணாடி விஷயம். முதல் நாள் நான் பீரோ கண்ணாடி முன்னால் நின்று, முகத்துக்கு நேரே கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "ஐயோ, புள்ளைக்குப் புத்தி கெட்டுப்போச்சே" என்று அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்து, சுவர்க் கண்ணாடியைக் கழற்றி, நீ எழுதிய மாதிரி குறுக்கே நிறுத்தினோம். நிற்காமல் சரிந்தது. அம்மாவே உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். தினமும் பொழுது சாயும் நேரத்தில் பிடிக்கிறாள். கை வலிக்கிறது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை திறந்தது. சுண்டுவிரல் முதலில். நீ சொன்னது மாதிரியே கட்டைவிரல் கடைசியில். நகம் குத்துவது சட்டென்று நின்றது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பிடித்தபடியே அழுதாள். வலி முழுசாகப் போகவில்லை. மறுபடி மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறேன். ஆனால் ஒன்று, நர்மதா. திறந்த அந்த உள்ளங்கை சும்மா இருக்கிறது. வலித்தவரைக்கும் எதையோ பிடித்திருந்த மாதிரி இருந்தது. இப்போது பிடிக்க ஒன்றும் இல்லை. ஏங்கிப் போய்விட்டேன். இதற்கு உன் பிரெஞ்சுக்காரரிடம் கயிறு எதுவும் இருக்காது.

கை அங்கேயே இருக்கட்டும். நம் மனையில்தானே இருக்கிறது. வீடு கட்டும்போது அந்த இடத்தை விட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை அம்மா தகட்டுக் கையைப் போடச் சிறுவாச்சூர் வருகிறாள். எந்தப் பக்கமாகப் போட்டாலும் ஆத்தாவுக்குத் தெரியும் என்று இப்போது சொல்கிறாள். போட்டுவிட்டு அவள் திரும்பிவிடுவாள். நான் திரும்பவில்லை. இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். பொத்தான் வைத்த சட்டைதான்.

நீ அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு. அங்கிருந்து சேர்ந்து போகலாம். எனக்குத் தனியாக வரத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் எனக்கு வலது பக்கம் நீ உட்கார வேண்டும். அந்தப் பக்கம் யாராவது உட்கார வந்தால், இடித்துவிடப் போகிறார்கள் என்று இப்போதும் கையை ஒதுக்கிக்கொள்கிறேன். நீ வந்தால் ஒதுக்க மாட்டேன்.

ராஜவேல்